குளிக்க ஒரு கடல் வேண்டும்

சென்னைக்குக் கடல் உண்டு. குளிப்பதற்கென்று ஒரு கடல் ஏறக்குறைய இல்லை. மெரினாவில் குளிக்கத் தடை. வடக்கே ராயபுரத்திலிருந்து எண்ணூர் நோக்கிப் போனால், கரையின் பெரும்பகுதி கருங்கல் கொட்டிய தடுப்புச் சுவராகிவிட்டது. அதனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் பிள்ளைகளைக் கடலில் விளையாட வைக்க நினைக்கும் குடும்பம், வண்டியைக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கு நோக்கித் திருப்புகிறது. கொட்டிவாக்கம், பாலவாக்கம், நீலாங்கரை, ஈஞ்சம்பாக்கம், அக்கரை, பனையூர், உத்தண்டி, கானத்தூர் என்று ஊர்கள் வரிசையாக வருகின்றன. ஏதாவதொரு சந்தில் திரும்பினால் பங்களா மதில்களுக்கு நடுவே ஒரு மணற்பாதை. அதன் முடிவில் கடையில்லாத, கூட்டமில்லாத, சத்தமில்லாத கடல். வண்டியிலிருந்து இறங்கியதும் பெரியவர்கள் சொல்வது பெரும்பாலும் ஒன்றுதான்: “இங்க நல்லா இருக்கு, யாருமே இல்ல.” இரண்டுமே உண்மைதான். ஆனால் யாருமே இல்லை என்பதையே காரணமாகக் கொண்டு தண்ணீரில் கால் வைப்பதில்தான் ஆபத்து தொடங்குகிறது.

கடலில் குளிக்க ஆசைப்படுவதைக் குற்றமாகப் பேச வேண்டியதில்லை. அது இந்த மண்ணின் பழைய ஆசை. கடலாடுதல் என்று அதற்கு ஒரு சொல்லே நம்மிடம் இருக்கிறது. சிலப்பதிகாரத்தில் ‘கடலாடு காதை’ என்று ஒரு காதையே உண்டு. மாசி மகத்தன்று ஊர் ஊராகச் சாமிகள் தீர்த்தவாரிக்குக் கடற்கரைக்கு வருகின்றன. ஆடி அமாவாசையில் இராமேஸ்வரத்தில் லட்சக்கணக்கானோர் மூழ்கி எழுகிறார்கள். கடலோரத்திலேயே ஒரு பெருநகரத்தை வைத்துக்கொண்டு, அதன் மக்களைப் பார்த்து ‘தண்ணீரைத் தொடாதே’ என்று காலமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்க முடியாது. கேட்க வேண்டிய கேள்வி வேறு. எந்தக் கரையில் குளிக்கலாம்? எதை வைத்து அதை முடிவு செய்வது? ஒரு கரை குளிக்கத் தகுந்ததாக இருக்க மூன்று வேண்டும்: கடலின் அமைப்பு இடங்கொடுக்க வேண்டும், தண்ணீர் சுத்தமாக இருக்க வேண்டும், பார்த்துக்கொள்ள ஆள் இருக்க வேண்டும். முதலாவது இயற்கை தருவது. மற்ற இரண்டும் மனிதர்கள் செய்து வைப்பவை. அமைதி இந்த மூன்றில் எதற்கும் சான்றாகாது.

முதலில் கடலின் அமைப்பைப் பார்ப்போம். இராமேஸ்வரத்தில் அக்னி தீர்த்தத்தில் நிற்பவர்கள் கடல் குளம் போலக் கிடப்பதைப் பார்த்திருப்பார்கள். பாக் நீரிணை ஆழமில்லாதது. தொலைவிலிருந்து வரும் பெரிய அலைகளை இலங்கை மறித்துக்கொள்கிறது. யாழ்ப்பாணத்துக்குப் பக்கத்தில் காரைநகரின் கசூரினா கடற்கரையும் அதே நீரிணையின் கரையில்தான் இருக்கிறது. அங்கே இடுப்பளவுத் தண்ணீரில் வெகுதூரம் நடக்கலாம். சென்னைக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அதன் முன்னால் இருப்பது திறந்த வங்கக் கடல். எங்கோ தெற்கே புயலோ பலத்த காற்றோ கிளப்பிய அலை, வழியில் தடுப்பார் இல்லாமல் நேராகக் கரைக்கு வந்து உடைகிறது. கரையும் சரிவு மிகுந்தது. முழங்கால் அளவிலிருந்து மார்பளவுக்கு இரண்டு மூன்று எட்டுகளிலேயே இறங்கிவிடக்கூடிய இடங்கள் உண்டு. போதாததற்கு மணலும் ஓரிடத்தில் நிற்பதில்லை. ஆண்டின் பெரும்பகுதியில் அலைகள் மணலை வடக்கே தள்ளிக்கொண்டு போகின்றன. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் திசை மாறுகிறது. 1870-களில் தொடங்கிய துறைமுகக் கட்டுமானம் இந்த மணலோட்டத்துக்குக் குறுக்கே வந்ததால்தான் தெற்கே மெரினா அகன்றது, வடக்கே கரை தேய்ந்தது. போன மாதம் ஆழமில்லாமல் இருந்த இடம் இந்த மாதமும் அப்படியே இருக்கும் என்பதற்கு இந்தக் கரையில் உத்தரவாதம் கிடையாது.

அலை கொண்டுவரும் தண்ணீர் எப்படித் திரும்பிப் போகிறது என்பதைத் தெரிந்துகொண்டால் கடற்கரை விபத்துகளில் பெரும்பாலானவை விளங்கிவிடும். கரையிலிருந்து சற்றுத் தள்ளி, தண்ணீருக்கு அடியில், கரைக்கு இணையாக ஒரு மணல் திட்டு படுத்திருக்கும். அலைகள் அதன் மேல் வந்து உடையும். உடைந்த நீர் திட்டைத் தாண்டி உள்ளே வந்து கரையோரம் சேரும். சேர்ந்த நீர் வெளியேற வழி தேடும். திட்டில் எங்கே வாய்க்கால் போல ஓர் இடைவெளி இருக்கிறதோ அங்கே நாலா பக்கத்திலிருந்தும் கூடி, கடலை நோக்கிப் பாயும். இதைத்தான் இழுப்பு என்கிறோம். ஆங்கிலத்தில் ‘ரிப் கரண்ட்’. மணலில் நின்று பார்த்தால் இதைக் கண்ணாலேயே அடையாளம் காண முடியும். வெள்ளை நுரைக் கோடு கரை நெடுகிலும் ஓடிக்கொண்டிருக்கும்போது ஓரிடத்தில் மட்டும் அறுந்திருக்கும். பத்து, இருபது மீட்டர் அகலத்துக்கு அங்கே நுரை இருக்காது. தண்ணீர் சற்றே கருத்தோ மணல் கலங்கியோ தெரியும். மிதக்கும் நுரையும் சருகும் பிளாஸ்டிக் உறையும் மற்ற இடங்களில் கரைக்கு வந்துகொண்டிருக்க, அங்கே மட்டும் கடலை நோக்கிப் போய்க்கொண்டிருக்கும். அடியில் ஆழம் அதிகம் என்பதால் அங்கே அலை உடைவதில்லை. அலை உடையாததால், அந்தக் கரையிலேயே மிக அமைதியாகத் தெரிவது அந்த இடம்தான். குழந்தையைக் குளிக்க வைக்க இடம் தேடும் அப்பாவின் கண் நேராக அங்கேதான் போய் நிற்கும்.

நம் செய்திகளின் மொழியும் இதைப் புரிந்துகொள்ள விடுவதில்லை. ‘ராட்சத அலை இழுத்துச் சென்றது’ என்றே எப்போதும் படிக்கிறோம். உடையும் அலை கரையை நோக்கித் தள்ளும். அலைகளுக்கு நடுவே திரும்பிப் போகும் தண்ணீர்தான் ஆளைக் கொண்டு போகிறது. காரணத்தை அலையின் மேல் போட்டுவிட்டால், அலை சின்னதாக இருக்கும் நாளில் பயமில்லை என்று மனம் கணக்குப் போடும். அந்தக் கணக்கு தவறு. பார்வைக்குச் சாதாரணமாக இருக்கும் அலையும் இழுப்பை உண்டாக்கும். இழுப்பின் வேகம் வழக்கமாக நொடிக்கு அரை மீட்டர் அளவில் இருந்தாலும், நொடிக்கு 2 மீட்டருக்கு மேலும் அளவிடப்பட்டிருக்கிறது; ஒலிம்பிக் நீச்சல் வீரரும் அதை எதிர்த்து நீந்த முடியாது. ‘எனக்கு நீச்சல் தெரியும்’ என்பவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். நம்மில் பெரும்பாலோர் நீச்சல் கற்றது கிணற்றிலும் ஏரியிலும் நீச்சல் குளத்திலும். அதெல்லாம் நிற்கும் தண்ணீர். நீந்தத் தெரிந்தவர் கடலில் இழுப்பில் சிக்கினால், தெரிந்த வித்தையை நம்பிக் கரையைப் பார்த்து நேராக நீந்துவார். அங்குலம்கூட முன்னேறாமல் கை கால் சோர்ந்து போவதுதான் அவருக்கு நேர்வது. இழுப்பு ஆளைக் கீழே அழுத்துவதில்லை, அலை உடையும் இடத்துக்கு அப்பால் கொண்டுபோய் விட்டுவிடும். அதற்குள் பயமும் சோர்வும்தான் உயிரைக் குடிக்கின்றன.

‘நாங்கள் குளிக்கவே இல்லை, கால்தானே நனைக்கிறோம்’ என்பதும் அடிக்கடி கேட்கும் சமாதானம். கால் நனைப்பதில் என்ன நடக்கிறது என்று கவனித்தால் அதன் பலவீனம் தெரியும். அலை வந்து கணுக்காலைத் தழுவிவிட்டுத் திரும்பும்போது குதிகாலுக்கு அடியிலிருந்து மணல் கரைந்து ஓடும். குறுகுறுப்பாக இருக்கும் அந்த உணர்வுக்காகத்தான் பிள்ளைகள் அங்கேயே நிற்கிறார்கள். நாலைந்து அலைக்குள் குதிகால் ஒரு குழியில் இறங்கி, உடல் பின்பக்கம் சாயத் தொடங்கும். அந்த நேரத்தில் சற்றுப் பெரிய அலை ஒன்று வந்து முழங்காலைத் தட்டினால் ஆள் விழுவது நிச்சயம். விழுந்தவரைத் திரும்பும் தண்ணீர் சரிவில் உருட்டிக்கொண்டு போகும். ஈரமான புடவையும் சுடிதாரும் ஜீன்ஸும் காலைப் பிணைக்கும். எழுந்து நிற்பதற்குள் அடுத்த அலை வந்துவிடும். தட்டையான கரையில் இது சிரித்துக்கொண்டே எழும் விஷயம். சரிவான கரையில் அப்படியில்லை.

இதுவரை சொன்னவை கூட்டமுள்ள கரைக்கும் பொருந்தும். தனிமையான கரையில் இவற்றோடு இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது: நேரம். மூழ்குகிறவர் சினிமாவில் வருவதுபோல் கையை ஆட்டிக் கூச்சல் போடுவதில்லை. மூச்சு வாங்கவே வாய் போதாத நிலையில் குரல் எழும்பாது; கைகள் தண்ணீரை அழுத்திக்கொண்டிருக்கும், மேலே தூக்க முடியாது. ஒரு நிமிடம்கூட அப்படி மேலே நிற்பது கடினம். மூளைக்குப் பிராணவாயு நின்ற நான்கு முதல் ஆறு நிமிடங்களில் மீளாத சேதம் தொடங்கிவிடும். ஆளரவமற்ற கரையில் இந்தச் சில நிமிடங்களுக்குள் யார் பார்ப்பது, யார் ஓடி வருவது? கூட வந்தவர்கள்தான் ஓடுவார்கள். ஒருவரைக் காப்பாற்றப் போய் இன்னொருவர், அவரைக் காப்பாற்றப் போய் மூன்றாமவர் என்று ஒரே குடும்பத்தில், ஒரே நண்பர் கூட்டத்தில் பல உயிர் போவது இப்படித்தான். பெசன்ட் நகர் கடற்கரையில் வெள்ளையாக நிற்கும் ஷ்மிட் நினைவிடம் இதற்குச் சாட்சி. 1930 டிசம்பர் 30 அன்று, தண்ணீரில் தத்தளித்தவர்களைக் காப்பாற்ற உதவி, தான் மூழ்கிப்போன டென்மார்க் நாட்டவர் ஒருவருக்காக எழுப்பப்பட்டது அது. அதன் நிழலில் உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்பவர்களில் பலர் அதன் கதையை அறிய மாட்டார்கள். துணிவு மட்டும் போதாது, முன்னேற்பாடும் வேண்டும் என்பதை அந்தக் கல் தொண்ணூறு ஆண்டுகளுக்கு மேலாகச் சொல்லிக்கொண்டு நிற்கிறது.

முன்னேற்பாடு செய்தால் என்ன ஆகும் என்பதற்கு சிட்னியின் வரலாறு நல்ல சான்று. திறந்த கடலையும் பெரிய அலைகளையும் கொண்ட ஊர் அது. அங்கே 19-ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் பகல் வேளையில் கடலில் குளிப்பதே சட்டப்படி தடை செய்யப்பட்டிருந்தது. ஒழுக்கம் கெடும் என்பது அன்று சொன்ன காரணம். 1902, 1903 வாக்கில் அந்தத் தடை தளர்ந்தது. மக்கள் கடலுக்குத் திரண்டார்கள், மூழ்குவதும் நடந்தது. மறுபடி தடை போடுவதற்குப் பதிலாக, குளிப்பவர்களே சங்கமாகக் கூடிக் காவல் நிற்கத் தொடங்கினார்கள். 1907-இல் அந்தச் சங்கங்களுக்குப் பொதுவான ஓர் அமைப்பு உருவானது. கயிறும் இடுப்புப் பட்டையும் சுற்றிய ராட்டினமுமாக அவர்கள் கரையில் நின்றார்கள். 1938 பிப்ரவரி 6 அன்று போண்டை கடற்கரையில் அடுத்தடுத்து வந்த பெரிய அலைகளின் நீர் ஒரே மூச்சில் திரும்பியபோது, சில நிமிடங்களில் 200-க்கும் மேற்பட்டோர் கடலுக்குள் இழுக்கப்பட்டார்கள். இறந்தவர்கள் 5 பேர். மற்ற அனைவரும் மீட்கப்பட்டார்கள், காரணம் அன்று கரையில் பயிற்சி பெற்ற காவலர்கள் திரளாக இருந்தார்கள். அதே தண்ணீர், அதே அலை, காவலுக்கு ஆள் இல்லாத கரையாக இருந்திருந்தால் எத்தனை பேர் திரும்பியிருப்பார்கள் என்று எண்ணிப் பார்க்கலாம். நம் நாட்டிலும் 2008 முதல் கோவா தன் கடற்கரைகளில் சம்பளம் பெறும் முழுநேர உயிர்காப்பாளர்களை நிறுத்தியிருக்கிறது. செய்ய முடியாத காரியம் ஒன்றும் இல்லை.

சென்னையை ஒட்டியே இதற்கு ஓர் எடுத்துக்காட்டு கிடைத்திருக்கிறது. நகரின் மையத்திலிருந்து சுமார் 40 கிலோமீட்டர் தெற்கே, முட்டுக்காடு கழிமுகத்தைத் தாண்டியதும் வரும் கோவளம். 2021 செப்டம்பரில் அதன் கடற்கரையில் ஒரு பகுதிக்கு ‘நீலக்கொடி’ சான்று கிடைத்தது. புதுச்சேரியின் சின்ன வீராம்பட்டினத்திலுள்ள ஈடன் கடற்கரைக்கும் அதே நேரத்தில் கிடைத்தது. டென்மார்க்கில் தலைமையகம் கொண்ட சுற்றுச்சூழல் கல்வி அறக்கட்டளை ஒன்று வழங்கும் சான்று இது. தண்ணீரின் தரம், சுற்றுச்சூழல் கல்வி, கரைப் பராமரிப்பு, பாதுகாப்பும் வசதிகளும் ஆகிய தலைப்புகளில் 33 நிபந்தனைகள் உண்டு. ஒருமுறை வாங்கிவிட்டால் போதாது, ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். குளிக்கும் எல்லை குறிக்கப்பட்டிருக்க வேண்டும். உயிர்காப்பாளரும் மீட்புக் கருவிகளும் முதலுதவியும் இருக்க வேண்டும். கழிப்பறை இருக்க வேண்டும். மாற்றுத்திறனாளிகள் வர வழி வேண்டும். தண்ணீரின் சோதனை முடிவு எல்லோரும் பார்க்கும்படி ஒட்டப்பட வேண்டும். இங்கே ஒன்றை மறக்கக் கூடாது. கோவளம் இயற்கையிலேயே சாதுவான கடல் கிடையாது. அலைச்சறுக்கு விளையாட்டுக்காரர்கள் தேடி வரும் அளவுக்கு அங்கே அலை அடிக்கிறது. அப்படிப்பட்ட கடலிலும் ஒரு சிறு பகுதியை எல்லை கட்டி, ஆள் போட்டு, குடும்பத்தோடு இறங்கக்கூடியதாக ஆக்க முடிந்திருக்கிறது. கரையைப் பாதுகாப்பாக்குவது கவனிப்புதான் என்பதற்கு இதைவிடப் பக்கத்தில் வேறு சான்று தேவையில்லை.

தண்ணீரின் சுத்தமும் கண்ணுக்குத் தெரியாத விஷயம். கரை தூய்மையாக, மணல் வெண்மையாக இருக்கலாம். தண்ணீரில் சாக்கடை கலந்திருப்பது பார்வையில் பிடிபடாது. நம் நாட்டின் கடல்நீர்த் தர விதிகள், குளிக்கும் கடல்நீரில் 100 மில்லிலிட்டருக்கு மலக்கழிவுக் கோலிஃபார்ம் கிருமிகள் 100-க்கு மேல் இருக்கக் கூடாது என்கின்றன. இதைச் சோதனைக்கூடம்தான் சொல்ல முடியும். ஆனாலும் ஓரளவு ஊகிக்க வழி உண்டு. கூவம் கடலில் சேர்வது நேப்பியர் பாலத்தருகே. அடையாறு சேர்வது சீனிவாசபுரத்துக்கும் ஊரூர் குப்பத்துக்கும் நடுவே. பெசன்ட் நகரின் உடைந்த பாலத்துப் பக்கம் எவ்வளவு தனிமையாகவும் அழகாகவும் இருந்தாலும் அது அடையாற்றின் வாய். முகத்துவாரங்களை அடைத்துக் கிடக்கும் மணலை மழை வெள்ளம் உடைத்துக்கொண்டு போகும்போது, நகரம் மாதக்கணக்கில் விட்ட கழிவு ஒரேயடியாகக் கடலுக்குள் இறங்கும். ஆகவே ஆற்று வாய்க்கும் மழைநீர் வடிகால் வந்து விழும் இடத்துக்கும் அருகே குளிக்கக் கூடாது. பெருமழை பெய்த பின் இரண்டு மூன்று நாட்களுக்குக் கடலில் இறங்காமல் இருப்பது உடம்புக்கு நல்லது.

இத்தனைக்கும் தடைதானே எளிய வழி என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். காவல்துறையின் கோணத்திலிருந்து பார்த்தால் அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. பல கிலோமீட்டர் கரையில் லட்சக்கணக்கானோர் கூடும் மெரினாவைப் போன்ற இடத்தில் குளிப்பதை அனுமதிப்பது கட்டுக்கடங்காது. அங்கே தடை இருக்கட்டும். ஆனால் எல்லாக் கரைக்கும் தடை என்பது ஆசையை ஒழிப்பதில்லை, அதை இடம் மாற்றுகிறது. காவலர் விசில் அடிக்கும் கரையிலிருந்து கிளம்பும் கல்லூரி மாணவர் கூட்டம், விசில் கேட்காத கரையைத் தேடிப் போகும். அங்கே விசில் மட்டுமா இல்லை? மீட்புக் கயிறும் இல்லை, முதலுதவியும் இல்லை, கூப்பிட்டால் வர ஆளும் இல்லை. குளிக்க ஒரு கரையைக் காட்டிவிட்டு மற்றவற்றில் இறங்காதே என்று சொல்லும்போதுதான் தடைக்கும் மதிப்பு வரும். எல்லாவற்றுக்கும் ‘கூடாது’ என்று எழுதிய பலகையை யாரும் படிப்பதில்லை.

இன்னொரு ஆட்சேபம் கனமானது, அது மீனவர்களுடையது. கரை என்பது அவர்களுக்குச் சும்மா கிடக்கும் மணல் கிடையாது. படகு ஏற்றுவதும், வலை உலர்த்துவதும் பின்னுவதும், கரைவலை இழுப்பதும், மீன் ஏலம் விடுவதும் அங்கேதான். நீலக்கொடிக் கடற்கரைகளில் வசதிகள் அமைப்பதற்காக, உயர் அலைக் கோட்டிலிருந்து 10 மீட்டர் விட்டுச் சில கட்டுமானங்களை அனுமதித்து 2020 ஜனவரியில் மத்திய அரசு கடலோர ஒழுங்குமுறை விதிகளைத் தளர்த்தியது. இன்று கழிப்பறை, நாளை விடுதி, அடுத்து வேலி, பிறகு நமக்கே நுழைவுச் சீட்டு என்று அவர்கள் அஞ்சுவதில் தவறு காண முடியாது. இதற்குப் பதில் அளவில்தான் இருக்கிறது. குளிப்பதற்கு ஒரு கரையில் 100 மீட்டர், மிஞ்சினால் 200 மீட்டர் போதும். அது எந்த இடம் என்பதைக் குப்பத்துப் பஞ்சாயத்தோடு உட்கார்ந்து, படகு ஏறாத பகுதியாகப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். நிரந்தரக் கட்டடமும் நுழைவுக் கட்டணமும் கூடவே கூடாது. காவலுக்கு வெளியூர் ஆளை அழைத்து வர வேண்டியதில்லை. எந்தக் காற்றில் எந்தப் பக்கம் இழுப்பு இருக்கும், திட்டு எங்கே நகர்ந்திருக்கிறது என்பதெல்லாம் அந்த ஊர் இளைஞர்களுக்கு அத்துப்படி. இன்றும் யாராவது இழுத்துச் செல்லப்பட்டால் ஃபைபர் படகைத் தள்ளிக்கொண்டு முதலில் ஓடுவது அவர்கள்தான். கூலியில்லாமல் செய்யும் அந்த வேலைக்கு முதலுதவிப் பயிற்சியும், மாதச் சம்பளமும், காப்பீடும் கொடுத்து அரசு வேலையாக்குவது அவர்களுக்குச் செய்ய வேண்டிய மரியாதை.

‘வசதி வந்தால் அமைதி போய்விடுமே’ என்பது மூன்றாவது கவலை. இதுவும் பொய்க் கவலை இல்லை. பஜ்ஜிக் கடையும் ராட்டினமும் ஒலிபெருக்கியும் மின்விளக்குக் கோபுரமும் வந்த பிறகு எந்தக் கரையும் பழைய கரையாக இருக்காது. ஜனவரி முதல் மார்ச் வரை இதே கரைகளில் பங்குனி ஆமைகள் முட்டையிட வருகின்றன. பொரித்து வரும் குஞ்சுகள் கரையிலுள்ள வெளிச்சத்தைக் கடல் என்று நம்பிச் சாலைப் பக்கம் போய் மடிகின்றன. 1988 முதல் மாணவர்கள் இரவெல்லாம் நடந்து அந்த முட்டைகளைக் காத்து வருகிறார்கள். ஆனால் உயிர்காப்புக்கு இவை எதுவும் தேவையில்லை. உயர்ந்த ஒரு மர நாற்காலி, இரண்டு ஆட்கள், இரண்டு கொடிக் கம்பங்கள், மிதவை, கயிறு, முதலுதவிப் பெட்டி, ஒரு விசில். காலை ஆறு மணிக்கு நட்டு மாலை ஆறு மணிக்குப் பிடுங்கி எடுத்துப் போய்விடலாம். சூரியன் மறைந்த பிறகு குளிக்கக் கூடாது என்பதே பாதுகாப்பு விதியாக இருப்பதால் விளக்கும் வேண்டாம். செலவு என்று பார்த்தாலும், கடற்கரையை அழகுபடுத்தப் போடும் கிரானைட் நடைபாதையோடு ஒப்பிட்டால் இது சிறு தொகை. கவனிப்பும் அமைதியும் ஒன்றையொன்று விரட்டுபவை அல்ல. கான்கிரீட்டும் கடைகளும்தான் அமைதியை விரட்டுகின்றன.

இவை அரசும் ஊராட்சியும் செய்ய வேண்டியவை. அதுவரை போகிறவர்கள் தாமே செய்துகொள்ளக்கூடியவை சில உண்டு. சிவப்பும் மஞ்சளும் மேலும் கீழுமாக உள்ள கொடி என்றால் அங்கே காவல் இருக்கிறது, இரண்டு கொடிகளுக்கு நடுவில் குளிக்கலாம் என்று பொருள். முழுச் சிவப்புக் கொடி என்றால் இறங்கக் கூடாது. கொடி இல்லாத கரையில் குளிக்காமல் இருப்பதே சரி. எந்தக் கரையானாலும் இறங்கும் முன் பத்து நிமிடம் நின்று நுரைக் கோட்டைப் பாருங்கள். அது எங்கே அறுந்திருக்கிறது என்று பிள்ளைகளுக்கும் காட்டுங்கள். பக்கத்தில் வலை பின்னிக்கொண்டிருக்கும் பெரியவரிடம் “ஐயா, இன்னைக்குக் கடல் எப்படி இருக்கு?” என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை தண்ணீர்ப் பக்கமே போக வேண்டாம். மது அருந்தியவரை இறங்க விடாதீர்கள். சிறு பிள்ளைகளைக் கைக்கெட்டும் தூரத்திலேயே வைத்திருங்கள். இழுப்பில் சிக்கினால் எதிர்த்து நீந்தாதீர்கள்: மல்லாந்து மிதந்து, ஒரு கையைத் தூக்கி உதவி கேட்டு, இழுப்பு தளர்ந்ததும் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நகர்ந்து, அலை உடையும் இடத்தின் வழியே கரைக்குத் திரும்புங்கள். அடுத்தவர் சிக்கியிருப்பதைப் பார்த்தால் வெறுங்கையோடு குதிக்காதீர்கள்; மூடி இறுக்கிய காலித் தண்ணீர் கேனோ, பந்தோ, மிதக்கும் எதுவானாலும் அவரை நோக்கி வீசுங்கள், குப்பத்துக்குக் குரல் கொடுங்கள், 108-ஐ அழையுங்கள்.

‘அலை எப்போது ஓய்வது, தலை எப்போது முழுகுவது’ என்று ஒரு பழமொழி உண்டு. தடங்கல் தீரும் என்று காத்திருந்தால் காரியம் நடக்காது என்பதற்காகச் சொன்னது. சென்னைக் கடலில் அலை ஓயப் போவதில்லை. மக்கள் தலை முழுகுவதையும் நிறுத்தப் போவதில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021-ஆம் ஆண்டில் மட்டும் உலகம் முழுவதும் சுமார் 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்திருக்கிறார்கள். இந்த மரணங்களில் பெரும்பாலானவை தடுத்திருக்கக்கூடியவை என்பதால்தான் ஐக்கிய நாடுகள் சபை ஜூலை 25-ஐ நீரில் மூழ்குவதைத் தடுக்கும் நாளாக அறிவித்தது. கோவளத்தில் 40 கிலோமீட்டர் தள்ளி ஒரு கரை தயாராக இருக்கிறது. சொந்த வண்டி இல்லாத குடும்பத்துக்கு அது தூரம். திருவான்மியூருக்கும் கோவளத்துக்கும் நடுவே, மாநகரப் பேருந்து நிற்கும் இடத்திலிருந்து நடந்து போகும் தொலைவில், கொடியும் காவலும் உள்ள சின்னச் சின்னக் குளியல் கரைகள் இரண்டு மூன்றாவது வேண்டும். அவற்றைக் கேட்டுப் பெறுவது நகரவாசிகளின் கடமை. அவை வரும்வரை, யாருமே இல்லாத கரைக்குப் போனால் மணலில் உட்கார்ந்து கடலைப் பாருங்கள், காற்று வாங்குங்கள், தண்ணீரில் மட்டும் இறங்காதீர்கள்.